ஒற்றைக் கோட்டை நம்பவைக்க நான் பட்ட பாடு

போன வருஷம் மாரி மழை ஓய்ந்து சில வாரங்கள் இருக்கும். தன்னாமுனையில் எங்கள் வீட்டுக் கூட்டில் தாராக்குஞ்சுகள், அதாவது வாத்துக் குஞ்சுகள், ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. காலை நீட்டி, கழுத்தைப் பின்னால் வளைத்து, துடித்துத் துடித்துச் செத்தன. பக்கத்துக் கூட்டில் இருந்த கோழிகளோ ஒன்றும் நடக்காததுபோல் கிளறிக்கொண்டு நின்றன.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாவித் தண்ணீர் கூடாது என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் இன்னொருவர். "நீ கூட்டைக் கழுவுறதில்ல, அதான்" என்றார் என் கணவர். அந்தக் கூட்டை ஒரு நாளும் கழுவியிராத மனிதர் அவர்.

கடைசியில் மிருக வைத்தியர் வந்து, செத்த குஞ்சொன்றை அறுத்துப் பார்த்தார். ஈரல் வெளிறிப்போய்க் கிடந்தது. என்ன தீன் போடுகிறீர்கள் என்று கேட்டார். சோளன் என்றேன். அது என் கணவரின் அண்ணன் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் செய்த சோளன். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால் அரைகுறையாகக் காய்ந்ததை மூடை கட்டி, சொந்தம் என்று எங்களுக்கும் கொஞ்சம் இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

ஈரச் சோளனில் பூஞ்சணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நஞ்சு உண்டாகும், அதற்கு முதலில் விழுவது தாராக்குஞ்சுதான் என்றார் வைத்தியர். ஏறாவூரில் தீன் அரைக்கும் ஆலையொன்றில் அந்த நஞ்சைப் பரிசோதிக்கிறார்கள், கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றார். மூடையின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

இரண்டு முறை சொன்னதை என் கணவர் ஒரு முறைகூடக் காதில் வாங்கவில்லை. மூடையின் மேலே இருந்த பொன்னிறமான மணிகளாகப் பொறுக்கி, சீலைத் துண்டால் துடைத்து, சொப்பிங் பேக்கில் கட்டினார். ஏன் இப்படி என்று கேட்டேன். "தெரியாத இடத்துக்குப் போறம். ஊத்தையைக் கொண்டுபோய்க் காட்டுறதா?" என்றார்.

பின்னேரம் முகம் கறுத்துத் திரும்பி வந்தார். போனில் எடுத்த படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு சிறு பட்டியில் இரண்டு சிவப்புக் கோடுகள். "பாரு, ரெண்டு கோடு! நஞ்சேதான்!" கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த ஞாபகத்தில், பரிசோதித்த பிள்ளை விளக்கம் சொல்லி முடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டார். வந்த வழியிலேயே அண்ணனுக்குப் போன் எடுத்து, "உங்கட சோளனால என்ட பொஞ்சாதிர தாரா எல்லாம் செத்துப் போச்சு" என்று சண்டையும் பிடித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில், ஆலையில் அவர் எழுதிக் கொடுத்திருந்த என் நம்பருக்கு அந்தப் பிள்ளையே போன் எடுத்தாள். "அக்கா, அவர் கோபமாப் போனவர். ரெண்டு கோடு வந்தா நஞ்சில்ல எண்டுதான் அர்த்தம். ஆனா இவ்வளவு சுத்தமான சோளன் எங்க எடுத்த நீங்க?"

துடைத்துப் பொறுக்கிய கதையைச் சொன்னேன். அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "நீங்களே வாங்கக்கா" என்றாள்.

அடுத்த நாள் மூடைகளுக்குள் முழங்கை வரை கைவிட்டு அள்ளிக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் இருபத்தைந்து வயது தாண்டாத பெண். சோளனை அரைத்து, ஒரு திரவத்தில் குலுக்கி, வடித்து, பட்டியை அதில் வைத்தாள். ஒரேயொரு கோடுதான் வந்தது.

"இதுதான் நஞ்சு" என்றாள். பட்டியில் பிறபொருளெதிரி என்றொரு பொருள் இருக்கிறதாம். அது இந்த நஞ்சை மட்டும் தேடிப் பிடிக்கும். நஞ்சில்லாவிட்டால் அது வெறுங்கையோடு ஓடிப்போய்ச் சோதனைக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும், கோடு சிவக்கும். நஞ்சிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு விடும், கோட்டில் ஒட்ட முடியாது. மற்றக் கோடு பட்டி வேலை செய்கிறதா என்று காட்ட மட்டும். எனக்கு நன்றாகவே விளங்கியது.

பிறகு அவள் இன்னொன்று கேட்டாள். "அக்கா, இந்தச் சோளன மாடும் தின்னுதா? நஞ்சு பாலிலயும் வரும்."

அத்தான் வீட்டுப் பசு அதைத்தான் தின்கிறது. அந்தப் பாலைக் குடிப்பது அவருடைய பேத்தி, அப்போதுதான் நடை பழகிய பிள்ளை. மிச்ச மூடைகளை ஊரில் மாடு வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கவும் அவர் பேசி வைத்திருந்தார்.

வீட்டுக்கு ஓடிவந்து பட்டியைக் கணவரிடம் காட்டினேன். வாயைத் திறக்கும் முன்பே, "ஒரு கோடுதானா? அப்பாடா!" என்று போனை எடுத்தார். "அண்ணன், ஒண்டுமில்லையாம். குறை நினைக்காதீங்க!" தலையில் அடித்துக்கொண்டேன். நான் விளக்க விளக்க, "நேத்து நஞ்செண்டு சொல்லிச் சண்டை, இப்பதான் சமாதானம், திரும்பவுமா?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். பிள்ளை குடிக்கிற பால் என்று சொன்ன பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

படுவான்கரையில் அத்தான் சிரித்த முகத்தோடு வரவேற்று, பால் தேத்தண்ணி கொடுத்தார். அந்தப் பசுவின் பால். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"நேத்து ரெண்டு கோடு வந்தது, நஞ்செண்டீங்க. இண்டைக்கு ஒரு கோடு வந்திருக்கு, இதுவும் நஞ்செண்டுறீங்க. என்ட சோளனுக்கு எத்தின கோடு வந்தா ஒத்துக்கொள்ளுவீங்க புள்ள?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்த இடத்தில் அது பதில்போலவே கேட்கவில்லை. வெறுங்கை, சோதனைக் கோடு என்று நான் சொல்லச் சொல்ல, கூட இருந்த என் கணவரே அண்ணனோடு சேர்ந்து தலையாட்டினார். குடிக்காத தேத்தண்ணியைப் பார்த்து, "என்ட வீட்டுத் தண்ணியும் நஞ்சோ?" என்றார் அத்தான். நான் எழும்பி ரோட்டுக்கு வந்துவிட்டேன். கண்ணீர் வந்தது, கோபத்தில். அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினேன். வேறு யாரிடம் சொல்வது?

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, எனக்கு லீவு. நான் வாறன்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். ஆலை முதலாளியிடம் கேட்டு வாங்கிய பட்டிகளோடு, வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, பாலம் தாண்டி வந்தாள். அத்தான் அவர்களுக்குக் கதிரை போட்டார். என்னைப் பார்க்கவில்லை.

அவள் வாதாடவே இல்லை. "ஐயா, நீங்களே எடுத்துத் தாங்க" என்றாள். அடுப்புக்கு மேலே விதைக்கென்று தொங்கவிட்டிருந்த காய்ந்த கதிரிலிருந்து கொஞ்சம் கேட்டாள். மூடைகளிலிருந்தும் கொஞ்சம் கேட்டாள். அத்தான் மூடையின் அடிவரை கைவிட்டவர், சட்டென்று வெளியே எடுத்து மணந்து பார்த்தார். உள்ளே சூடேறிக் கட்டிகட்டியாக இருந்தது.

பட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விதைச் சோளனுக்கு இரண்டு கோடு. மூடைச் சோளனுக்கு ஒன்று.

அத்தான் பட்டியை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பட்டி பழுதாக்கும்" என்றார்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் இடுப்பில் பிள்ளையோடு நின்ற அவருடைய மகள் குசினிக்குள் போனாள். பால் சட்டியைத் தூக்கிவந்து, எங்கள் எல்லார் முன்னாலும் முற்றத்து மண்ணில் ஊற்றினாள்.

"அப்பா, நீங்க இருந்து கோட்ட எண்ணுங்க. என்ட புள்ளைக்கு இந்தப் பால் வேணாம்."

அத்தான் மண்வெட்டியை எடுத்தார். அன்றே கிடங்கு வெட்டி மூடைகளைப் புதைத்தார். எங்களிடம் இருந்ததையும் வாங்கிப்போய் அதிலேயே போட்டார். தீனை நிறுத்தினால் சில நாட்களில் பால் சுத்தமாகிவிடும் என்று வைத்தியர் சொன்னார். பேத்தியை ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், பழுதில்லை. என் தாராக்கள்தான் முக்கால்வாசி போய்விட்டன. அத்தான் என்னோடு முகம் கொடுத்துப் பேச மாதக்கணக்கானது. என் கணவர் இன்றைக்கும் யாரிடமாவது இந்தக் கதையைச் சொன்னால், எத்தனை கோடு நஞ்சு என்பதை மாற்றித்தான் சொல்வார். திருத்திக் களைத்துவிட்டேன்.

அன்று புறப்படும்போது அந்தப் பிள்ளையிடம், யாரென்றே தெரியாத எங்களுக்காக ஏன் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டேன். "ஆலைக்குப் பழுதான சோளன் வந்தா நாங்க திருப்பி அனுப்பிடுவம் அக்கா. அது பிறகு எங்க போகுதெண்டு நான் யோசிச்சதே இல்ல. நீங்க போனில அழுத பிறகுதான் யோசிச்சன்" என்றாள்.

சொன்னது ஏறவில்லையே என்று எரிச்சலில் பாதியில் எழும்பி வருவது என் சுபாவம். இப்போதெல்லாம் அப்படி எழும்பும்போது, ஒரு வாதமும் செய்யாமல் "நீங்களே எடுத்துத் தாங்க" என்று கைநீட்டிய அவளை நினைத்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்துவிடுகிறேன்.