அடிபடாத கண்

குழாய்த் தண்ணீர்ச் சண்டைதான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வரும் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரன் தன் பக்கம் திருப்பிவிட்டான். கேட்டேன். மம்பட்டிப் பிடியால் வலது கண்ணில் அடித்தான். புருவம் கிழிந்து ரத்தம் வாய்க்குள் போனது. நானும் அவன் முகத்தைக் கல்லில் மோதினேன். பல் தெறித்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் வலது கண்ணைக் கட்டினார்கள். எதிரே நின்ற அண்ணனின் முகம் தெரியவில்லை. யாரோ நிற்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

“அண்ணே, இடது கண்ணும் தெரியலண்ணே.”

“ரெண்டையும் எடுத்துட்டானா நாயி. நீ படு.”

போய்விட்டார்.

பிறகுதான் கண் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். டோர்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார்.

“வலது கண் தப்பியிட்டுது. வீக்கம் வடியத் தெரியும். இடது அடியால வந்ததில்ல. சின்னனில இருந்தே அதில பவர் கூடவா இருந்திருக்கு. பாக்கிறதெல்லாம் கலங்கித்தான் தெரிஞ்சிருக்கு. மூளை தெளிவான கண்ண மட்டும் எடுத்துக்கொண்டு இத விட்டிட்டுது. பாவிக்காததால பார்வை வளரேல்ல.”

“இத்தன வருசமா எனக்கே தெரியலையே.”

“மாறுகண், வாக்குக்கண் எண்டா ஆராவது கவனிச்சிருப்பினம். உங்கட கண் நேராத்தானே இருக்கு. நல்ல கண்ணப் பொத்திப் பாத்தாத்தான் தெரியும். சின்னனில எண்டா நல்ல கண்ண மறைச்சுப் பழக்கியிருக்கலாம்.”

நம்பர் சொல்லி, பக்கத்துக் கட்டில்காரரை அண்ணனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னேன். அண்ணி எடுத்தார்.

“கவ்வாத்துக் கத்திய எடுத்துட்டுப் போறாரு தம்பி. புடிச்சேன், தள்ளிட்டாரு.”

“ஓடிப்போய்ச் சொல்லுங்க. இடது கண்ணு அவன் அடிச்சதில்ல.”

அண்ணி ஓடுவது கேட்டது. பிறகு ஓர் ஆண் அலறினான். அண்ணன் குரல் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரனையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். வலது மணிக்கட்டில் வெட்டு. இனி விரல்கள் மடங்காது என்றார்கள். என் கட்டை அவிழ்த்ததும் போய்ப் பார்த்தேன். அவன் மனைவி கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு கண்ணும் போச்சுன்னுதான ஒங்க அண்ணன் வந்து வெட்டுனாரு. நீ நேரா நடந்து வர்ற.”

“இடது சின்னதுலருந்தே தெரியாதாம் அக்கா. இவரு அதத் தொடல.”

“அப்ப இந்தக் கை?”



ரிமாண்டில் அண்ணனிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கம்பியைப் பிடித்தபடி கேட்டார்.

“இடது கண்ணும் அவன் அடிச்சுப் போனதாவே இருக்கட்டும். கேஸ் முடியிற வரைக்கும் வெளிய சொல்லாத.”

“அவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேண்ணே.”

அண்ணன் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.