நூறு நாள் ஓடிய படமும் எங்கள் தட்டச்சரும்

“அந்தப் படம் சுத்த அயோக்கியத்தனம் சார்” என்று எங்கள் அலுவலகத் தட்டச்சர் சொன்னபோது, அவர் இடது கையில் சாப்பாட்டு டப்பாவின் மூடி இருந்தது. மூடியில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். சொல்லி முடித்ததும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தயிர்ச்சோற்றைச் சாப்பிடத் தொடங்கிவிட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த நாங்கள் ஆறு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைப் பற்றிக்கூடக் குறை சொல்லலாம். நியாயமான குறை என்றால் நாலு பேர் ஆமாம் என்பார்கள். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

அது எந்தத் துறையின் அலுவலகம் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால், ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பிறகும் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். கடிதம் எந்த விதியின் கீழ் வரும் என்பதும் எனக்குத் தெரியும். நான் அங்கே பணியமைப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது யாருக்கு எத்தனை நாள் விடுப்பு, யார் மீது என்ன நடவடிக்கை, யார் எப்போது பணியில் சேர்ந்தார், எப்போது போவார் என்பதெல்லாம் என் மேசையில் இருந்தது. தட்டச்சர் செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையம் வந்து, அங்கே பேருந்து மாறி எங்கள் ஊருக்கு வருவார். முப்பது வயதிருக்கும் பெண். தேர்வு எழுதி, யாரையும் பார்க்காமல் வேலைக்கு வந்தவர். அவர் அடித்த கடிதத்தில் நான் பிழை கண்டுபிடித்தது ஒரே ஒரு முறை. அந்தப் பிழையும் என் வரைவில் இருந்தது.

படத்தின் பெயரும் வேண்டாம். கதையைச் சொன்னால் போதும். கெட்டிக்காரி ஒருத்தி வேலைக்குப் போகிறாள். சம்பளம் வாங்குகிறாள் என்பதாலேயே அவளுக்குத் திமிர் என்று இயக்குநர் முதல் காட்சியிலேயே முடிவு செய்துவிடுகிறார். கணவன் நல்லவன், நல்லவன் என்பதற்கு அடையாளமாகப் பாதிப் படம் தாடியோடு இருக்கிறான். குழந்தைக்குக் காய்ச்சல் வருகிறது. இவள் அலுவலகத்தில் இருக்கிறாள். கடைசியில் இவளுக்குப் பதவி உயர்வு கொடுக்கும் விழாவில், மேடையிலேயே வேலை உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கணவன் காலில் விழுகிறாள். உத்தரவு கொடுத்த அதிகாரியே கைதட்டுகிறார். ராஜபாளையத்தில் இது நூறு நாள் ஓடியது. மம்சாபுரத்திலிருந்தும் மகாராஜபுரத்திலிருந்தும் வேன் பிடித்து வந்து பார்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

எனக்குப் பொதுவாகவே நம்முடைய பெரிய படங்களின் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. மண்வாசனைப் படம் என்று பத்திரிகைகளெல்லாம் கொண்டாடிய ஒன்றில், இரண்டு குடும்பங்கள் ஒரு வரப்புக்காக மூன்று தலைமுறை வெட்டிக்கொண்டு சாகின்றன. சாகிறவர்களில் ஒருவருக்குக்கூட நில அளவைக்கு ஒரு மனுக் கொடுக்கத் தோன்றவில்லை. நீதிமன்றப் படங்களில் சாட்சி பாதி வழக்கில் கதவைத் தள்ளிக்கொண்டு வருவான். நீதிபதி அவனை வெளியே அனுப்பாமல் அழுதுகொண்டிருப்பார். மாவட்ட ஆட்சியர் ஜீப்பிலிருந்து குதித்து ரவுடியை அடிப்பார். அன்றைய தபாலை யார் பார்ப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் இந்தப் படத்தை நான் வெறுத்தது இந்த மாதிரியான வெறுப்பு இல்லை. மற்றவை முட்டாள்தனம். இது முழு அறிவோடு செய்யப்பட்டது. எங்கே அழ வைக்க வேண்டும் என்று தெரிந்து, அந்த இடத்தில் ஒரு பெண்ணின் சோற்றைத் தட்டிவிட்டு, அதற்கு வயலின் வாசித்திருந்தார்கள்.

இதை அன்றைக்கு நான் வாய் திறந்து சொல்லவில்லை. தட்டச்சர் சொன்னார்.

எங்கள் மேலாளர் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தவர். மூன்றாவது முறை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனாராம். அவர் கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டு, “என்னம்மா இப்படிச் சொல்லுத? குடும்பம்னா என்னன்னு சொல்லுத படம்மா அது” என்றார்.

“அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் சார். அப்பன்காரன் வீட்டுலதான இருந்தான்? பாட்டுப் படிச்ச நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாம்லா?”

பதிவறை எழுத்தர் சிரித்துவிட்டார். மேலாளர் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அன்று மாலைக்குள், டைப்பிஸ்டம்மாவுக்கு வாய் நீளம், வீட்டில் என்ன பாடோ என்ற பேச்சு மூன்று பிரிவுகளுக்கும் போய்விட்டது. வீட்டில் என்ன பாடு என்பது எனக்கு ஓரளவு தெரியும். அவர் கணவர் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு தறிக்கூடத்தில் மேஸ்திரி. படத்தின் நாயகனுக்கு ராஜபாளையத்தில் இருந்த ரசிகர் மன்றத்தில் செயலாளர். படம் வந்ததிலிருந்து மனைவி வேலையை விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் எட்டு வருடம் அந்த வேலை அவருக்கு உறுத்தவில்லை. இப்போது தாடியும் வளர்க்கத் தொடங்கியிருந்தார்.

நூறாவது நாள் வந்தது. அந்தப் படத்துக்கென்றே ராஜபாளையத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. அவள் உத்தரவைக் கிழிக்கிற காட்சியில், கொட்டகையில் இருக்கிறவர்களும் கையிலுள்ள காகிதத்தைக் கிழித்து மேலே வீசுவார்கள். பழைய நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பால்கோவா சுற்றிய தாள், எது கிடைத்தாலும் சரி. பெண்கள் இதற்காகவே முந்தானையில் தாள் முடிந்து வந்தார்கள். நூறாவது நாள் காட்சிக்கு மன்றச் செயலாளர் மனைவியோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்தக் காட்சி வந்ததும் சட்டைப்பையிலிருந்து மனைவியின் நியமன உத்தரவை எடுத்தார். வீட்டுப் பீரோவில் இருந்த அசல். அதை மனைவியின் கையில் வைத்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக் கிழித்தார். மன்றத்தார் விசில் அடித்தார்கள். மற்றக் குப்பையோடு அதுவும் பறந்தது.

மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்குக் கணவர் அவரை அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். கையில் பொறுக்கியெடுத்த ஒரே ஒரு துண்டு. அதில் அலுவலக முத்திரை பாதி இருந்தது. அதை மேலாளர் மேசையில் வைத்து, “எம் பொஞ்சாதி இனி வேலைக்கு வரமாட்டா சார். நேத்து எல்லாருக்கும் முன்னாடி கிழிச்சாச்சு” என்றார். மேலாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கைதட்டினார். அலுவலகமே கைதட்டியது. தட்டச்சர் நடுவில் நின்றார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகராசியாக இருக்கும்படி மேலாளர் வாழ்த்தினார். போகும்போது தட்டச்சர் என் மேசைக்கு முன் நின்று, “நாளைக்கு நான் வரணுமா சார்?” என்று மட்டும் கேட்டார். கணவர் பின்னாலேயே நின்றார். நான் பதில் சொல்லவில்லை.

பதில் எனக்குத் தெரியும். வர வேண்டும். நியமன உத்தரவைக் கிழித்தால் வேலை போகாது, காகிதம்தான் போகும். அலுவலக நகல் கோப்பில் இருக்கிறது. பணிப்பதிவேடு என் பீரோவில் இருக்கிறது. வேலையை விடுவதானால் ஊழியர் தானே எழுதிக் கொடுக்க வேண்டும், முன்னறிவிப்புக் காலம் போக வேண்டும், நியமித்த அதிகாரி ஏற்க வேண்டும். அதுவரை அவர் ஊழியர். வராமல் இருந்தால் விடுப்பின்றி வராத ஊழியர். பெயரை அடித்துவிடும்படி மேலாளர் அன்று மாலையே சொன்னார். எதன் அடிப்படையில் என்று கேட்டேன். கண் முன்னால் நடந்ததே என்றார். கண் முன்னால் நடந்ததைப் பதிய என்னிடம் பதிவேடு இல்லை என்றேன்.

பத்து நாள் விட்டுத் தட்டச்சர் பேருக்கு ஒரு குறிப்பாணை தயாரித்தேன். இன்ன நாள் முதல் முன்னனுமதியின்றிப் பணிக்கு வராததற்கும், அரசு ஆணையின் அசலைச் சேதப்படுத்தியதற்கும் ஏழு நாட்களுக்குள் நேரில் விளக்கம் தர வேண்டும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. அதிகாரி முகாமுக்காக வெளியூர் போயிருந்தார். அவருக்காக மேலாளர் கையெழுத்திட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கட்டுக் கட்டாகக் கையெழுத்திடுவார், படிப்பதில்லை. அன்று அவர் நூறாவது நாள் விழாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இதிலும் கையெழுத்திட்டார். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கணவர் மனைவியோடு ஓடி வந்தார். தாடியை எடுத்திருந்தார். குறிப்பாணையை மேலாளரிடம் நீட்ட, அவர் தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, இவர் சொல்கிறபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கணவர் என் மேசைக்கு வந்தார்.

“படத்துல கிழிச்சவொடன முடிஞ்சுதுல்லா சார்?”

“படத்துல அலுவலக நகலைக் காட்டலை” என்றேன்.

இரண்டே வழி இருக்கிறது என்று விளக்கினேன். விடுப்பு விண்ணப்பம் கொடுத்துவிட்டு இன்றே பணியில் சேரலாம். அல்லது பணியை விட்டு விலகுவதாக அவரே, அவர் கையெழுத்தில், இங்கேயே எழுதித் தரலாம். இரண்டாவதைத்தான் கணவர் உடனே எடுத்துக்கொண்டார். வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தேன். நான் சொல்லச் சொல்லத் தட்டச்சர் எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள். ஓரம் விட்டு, வரி நேராக எழுதினார். பிறகு நான், “யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்” என்று சொன்னேன். அப்படியொரு வரி கட்டாயம் வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. நான் சேர்த்தேன்.

பேனா நின்றது.

“இந்த வரிய நான் எழுத மாட்டேன் சார்.”

“ஏட்டி, எழுது. எல்லாம் பேசி முடிச்சதுதான?” என்றார் கணவர்.

“நீங்க பேசி முடிச்சீக. நான் எங்க பேசுனேன்?” அவர் கணவர் பக்கம் திரும்பவே இல்லை, தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “படத்துல அவளுக்காவது வசனம் எழுதிக் குடுத்தாக.”

“அப்ப அந்த வரிய விட்டுட்டு எழுதச் சொல்லுங்க சார்” என்று கணவர் என்னிடம் கெஞ்சினார். அந்த வரி இல்லாமல் இங்கே வாங்க மாட்டோம் என்றேன். முப்பத்தைந்து வருடப் பணியில் நான் வாய்கூசாமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். கணவருக்கு எழுதப்பட்ட வசனமும் தீர்ந்துவிட்டிருந்தது. தறியில் ஆள் இல்லை, போக வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனார். தட்டச்சர் அந்தத் தாளை இரண்டாக மடித்து என்னிடம் கொடுக்காமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். விடுப்பு விண்ணப்பம் எழுதினார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். இயந்திரத்தின் உறையை எடுத்து, தூசி தட்டி, தாளைச் செருகினார். பதின்மூன்று நாள் தபால் அவருக்காகக் குவிந்து கிடந்தது.

அதற்குப் பிறகு கணவர் திருந்தி, பேருந்து நிலையத்தில் அவருக்காகக் காத்திருந்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். படமாக இருந்தால் காத்திருப்பார். அவர் எட்டு மாதம் மனைவியோடு பேசவில்லை. பிறகு வேறொரு படம் வந்தது, வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். மேலாளர் தன் பங்குக்கு, கண் வலிக்கிற ஸ்டென்சில் வேலைகளாகப் பார்த்துத் தட்டச்சரிடம் தள்ளினார். அவர் எல்லாவற்றையும் அடித்தார். மத்தியான வேளைகளில் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். அவரும் தன் அபிப்பிராயத்தைச் சொல்லாமல் விடவில்லை.

இன்று அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். காவியம் என்கிறார்கள். என் மருமகள் வேலைக்குப் போகிறவள். அவளும் உட்கார்ந்து பார்த்து, அந்தக் காலத்துப் படம் என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதில் ஒரு காட்சியைக்கூட மன்னிக்க முடியவில்லை. நடித்தவர்கள், எடுத்தவர்கள், வயலின் வாசித்தவர்கள் ஒருவரையும்.

சில வருடம் கழித்துத் தட்டச்சருக்கு உதவியாளராகப் பதவி உயர்வு வந்தது. விருதுநகரில் இடம். பணிவிடுவிப்பு ஆணையை நான்தான் தயாரித்தேன். பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்துப் போட அவர் என் மேசைக்கு வந்தபோது, அன்றைக்கு நான் சேர்த்த வரியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நன்றி என்று சொன்னால் பரவாயில்லை என்று மறுக்கவும் தயாராக இருந்தேன். அவர் தேதியோடு கையெழுத்திட்டுப் பேனாவை மூடினார்.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் சார். அன்னிக்கி நீங்களும் கைதட்டுனீக. ஏன் சார்?”

மறுக்கப் பார்த்தேன். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

“எல்லாரும் தட்டுனாங்கம்மா” என்றேன்.

“அதனாலதான் சார் அந்தப் படம் நூறு நாள் ஓடுச்சு.”

அவர் ஆணையை எடுத்துக்கொண்டு விருதுநகர் பேருந்துக்குப் போனார்.