அழுகைக்கு எடுத்த பெர்மிட்

அழுகைச் சத்தத்துக்குப் பொலிசில் பெர்மிட் எடுத்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். இதைச் சொன்னால் இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

சண்டைக் காலம். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தேன். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் என் நண்பனுக்குத் தன் கமராவால் ஒரு சின்னப் படம் எடுத்துப் பார்க்க ஆசை வந்துவிட்டது. கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. செய்தி வந்ததும் தாய் ஒப்பாரி வைக்கிறாள். அவ்வளவுதான் கதை. எனக்குச் சிங்களம் கதைக்க வரும் என்பதால் அனுமதி எடுக்கிற வேலையை என் தலையில் கட்டினான்.

தாயாக நடிக்க அன்புவழிபுரத்தில் இருந்த ஓர் அக்காவைக் கேட்டோம். கோயில் திருவிழா நாடகங்களில் நடித்தவர். அவருடைய ஒரே மகனைச் சில வருடங்களுக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. இவரிடம் போய் இந்த வேஷத்தைக் கேட்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா என்று நண்பனை ஏசினேன். ஆனால் அக்கா உடனே ஓம் என்றார்.

“வீட்டில நான் வாய்விட்டு அழ ஏலாது, தம்பி. அழுதால் சனம் வந்திடும். வந்தால் அவன் செத்தவன் எண்டு ஆயிடும். படத்தில எண்டால் அழலாம்தானே? அது வேற ஆரோ ஒருத்தியின்ர பிள்ளை.”

எங்கள் ஒழுங்கைகளில், அந்தச் சின்னத் தெருக்களில், செத்த வீடென்றால் யாரும் சொல்லியனுப்பத் தேவையில்லை. ஒப்பாரிச் சத்தம் கேட்டால் போதும், அயல் முழுக்க வந்து நிற்கும். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. தேத்தண்ணியும் சாப்பாடும் அயலிலிருந்து வரும். அதனால் அக்கா அவ்வளவு காலமும் தலையணைக்குள் முகத்தை அமத்தித்தான் அழுதிருக்கிறார். இந்த மனுசி ஒருமுறையாவது தொண்டை திறந்து அழவேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது. படம் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை.

ஒழுங்கை முனையில் ஆமிக்காரர் காவல் நிற்கும் சென்றி இருந்தது. அனுமதியில்லாமல் ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்டு, சனமும் கூடினால், பிறகு என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பொலிசுக்குப் போனேன். அங்கே இருந்தது ஒலிபெருக்கிக்கான அனுமதி மட்டும். கோயிலா, கூட்டமா என்று பொறுப்பதிகாரி கேட்டார். அழுகை என்றேன்.

“ஸ்பீக்கர் எத்தனை?”

“ஸ்பீக்கர் இல்லை, சேர். ஒரு அம்மா அழுவா.”

“எவ்வளவு நேரம் அழுவா? எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும்?”

அழுகையை முழம் போட்டு அளக்கிற மனிதரை அன்றுதான் கண்டேன். அழும்போது என்னென்ன சொல்லுவார் என்று சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரும்படி சொன்னார். எழுதிக் கொடுத்தேன். “என்ர ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியே” என்ற இடத்தில் விரலை வைத்து, “யார் இந்த ராஜா? எந்த ஆள்?” என்று கேட்டார். தாய்மார் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று விளங்கப்படுத்தும்போது என் சிங்களம் குளறியது. பயத்தில் குளறுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். கோபம் ஐயா, கோபம்.

அதே நாட்களில் துறைமுகத்துக்குள் நேவிக்காரர் சுழியோடிகளுக்குப் பயந்து தண்ணீருக்கடியில் வெடி போடுவார்கள். நான் வேலை செய்த கந்தோரின் கண்ணாடிகள் அதிரும். நித்திரையில் கிடக்கிற குழந்தைகள் துள்ளி எழும்பும். அந்தச் சத்தத்துக்கு யார் யாரிடம் போய் பெர்மிட் எடுத்தார்கள்? ஒரு தாய் அழுவதுதான் ஊரின் அமைதியைக் கெடுக்குமாம்!

கிராம சேவகரிடம் ஒரு கடிதம், ஆமி முகாமில் ஒரு சீல், திரும்பவும் பொலிஸ். அலைந்து அலைந்து என் செருப்பு தேய்ந்தது. கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு தந்தார்கள். முடியும்வரை ஒரு கொன்ஸ்டபிள் கூட இருப்பார். அயல் வீடுகளுக்கு நான் முன்கூட்டியே நேரில் போய் அறிவிக்க வேண்டும்.

வீடு வீடாகப் போனேன். “நாளைக்குக் காலமை அக்கா வீட்டில அழுகைச் சத்தம் கேட்கும். ஒண்டும் யோசியாதேங்கோ. படம் எடுக்கிறம். பொலிசில பெர்மிட்டும் எடுத்தாச்சு.” எல்லாரும் குரலைத் தாழ்த்தி, “ஓம், ஓம், விளங்குது தம்பி” என்றார்கள். பக்கத்து வீட்டு மனுசி என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லையே என்று நான் சந்தோசப்பட்டுக்கொண்டு வந்தேன். மடையன்.

மறுநாள் காலை கொன்ஸ்டபிள் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு நிலத்தில் இருந்தார். நண்பன் கையைக் காட்டினான். “என்ர ராசா” என்று அக்கா தொடங்கினார். அது நடிப்புக் குரல் இல்லை. அடுத்த சொல் வருவதற்குள் வேலிப் படலை திறந்தது.

வெள்ளைச் சேலை கட்டிய பெண்கள். பின்னால் ஆண்கள், ஒருவர் கையில் செத்த வீட்டு வாசலில் கட்டுகிற பச்சைத் தென்னோலை. தேத்தண்ணிப் போத்தல், மூடிய சாப்பாட்டுச் சட்டிகள். நண்பன், “படம், படம்!” என்று கத்தினான். ஓலையோடு நின்றவர் கொன்ஸ்டபிளைக் கண்ணால் காட்டி, “ஓம் தம்பி, படம்தான், விளங்குது” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளை செத்ததை வெளியில் சொல்ல முடியாது. சொன்னால், பிள்ளை இயக்கத்தில் இருந்தவனா என்று விசாரணை வரும். மட்டக்களப்பில் மாமா செத்துப்போனார் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்காக அழுவார்கள். அயலும் மாமாவுக்கே துக்கம் விசாரித்துவிட்டுப் போகும். அதிலே பழகிய சனம் நான் சொன்ன படத்தையும் ஒரு சாட்டு என்றே எடுத்துக்கொண்டது. மகனைப் பற்றிய செய்தி வந்துவிட்டது என்று முடிவுகட்டி வந்திருந்தது.

பக்கத்து வீட்டு மனுசி ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்து, “உன்ர பிள்ளையைக் கொன்றுபோட்டாங்களேடி!” என்று பெரிதாக அழத் தொடங்கினார். அக்கா விறைத்துப்போனார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. இந்த ஒழுங்கை தன் பிள்ளையை எப்போதோ எரித்து முடித்துவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது. மனுசியைப் பிடித்துத் தள்ளினார்.

“ஆரடி சொன்னது? என்ர பிள்ளை செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? எழும்புங்கோ! எல்லாரும் வெளியில போங்கோ!”

அந்தச் சத்தம் சென்றிவரைக்கும் கேட்டிருக்கும். கொன்ஸ்டபிள் பதறி எழும்பினார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “அம்மா, சத்தம் போட வேணாம். அழ மட்டும்தான் பெர்மிட் இருக்கு.”

அவன் சட்டையைப் பிடிக்காமல் நான் எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அக்கா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. எழும்பினார். அவிழ்ந்த முடியை அள்ளிக் கொண்டையாக முடிந்தார். நேரே குசினிக்குள் போய், எல்லாரும் பார்க்கத்தக்கதாகக் கதவை அகலத் திறந்துவிட்டு அடுப்பை மூட்டினார். ஈர விறகு. குனிந்து ஊதி ஊதி மூட்டினார். புகை முற்றத்துக்கு வந்தபோது பெண்கள் சாப்பாட்டுச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

நண்பன் கமராவை மூடினான். படம் அதோடு நின்றது. அக்கா அதற்குப் பிறகும் நெடுங்காலம் அந்த வீட்டில்தான் இருந்தார். அவர் வாய்விட்டு அழுததை ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.