யானை வராத வளைவு

யானை போகும் வழியை எஸ்டேட் முதலாளி முள்கம்பியால் அடைத்தார். அதனால்தான் முருகேசன் செத்தான்.

குரங்கணியிலிருந்து லோடு இறக்க வந்த ஜீப்பு டிரைவர் போடி பஸ் ஸ்டாண்டில் செய்தி சொன்னார்: “அண்ணே, நம்ம முருகேசனைச் சாமி மிதிச்சிருச்சு.” யானையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். எனக்கு இப்படி அழுவார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். சங்க இதழில் இதைப் படிக்கும், அவனை அறிந்த உங்களிடம் அதை மறைக்க வேண்டியதில்லை.

தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். நோட்டீசு எழுதியது நான்; பேர் வாங்கியது அவன். கம்பி போட்ட கோடையில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்து முற்றத்தில் கூட்டம். நான் நெடுநேரம் பேசினேன், கொட்டாவி விட்டார்கள். அவன் எழுந்தான்.

“மேல்காட்டுல தண்ணி வத்துனா சாமி ஓடைக்கு எறங்கும், மழைக்கு ஏறும். நம்ம பஸ்சு மாதிரி, ரூட்டு மாறாது. ரோட்டை அடைச்சா ஊருக்குள்ள பூந்துதான் போகும்.”

“அப்ப டிக்கெட்டு யாருண்ணே எடுக்குறது?” என்றாள் ஏலக்காய் பறிக்கும் ஒருத்தி.

“நாமதான் ஆத்தா.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு பதிலுக்காக என் பேச்சு முழுவதையும் கொடுத்திருப்பேன்.

வேலைக்குப் போகிறவர்கள் யானைத்தடம் குறுக்கிடும் பாதை வளைவில் நின்று, “சாமி, ஒதுங்கிக்க, சோலிக்குப் போறோம்” என்று குரல் கொடுப்பது வழக்கம். கம்பி வந்த பிறகு யானைகள் லயத்துக் குழாயடிச் சந்து வழியாக இறங்கின. ஆட்களோ பழைய வளைவில்தான் குரல் கொடுத்தார்கள். அவனும்தான். பனிமூட்டம் போட்டிருந்த காலையில் குடத்தோடு சந்துக்குள் போனவன் குரல் கொடுக்கவில்லை. குழாயடியில் யாரும் கொடுத்ததில்லை.

மேலும் கீழும் காடு இருந்து, நடுவில் வழி இல்லாவிட்டால் யானை பிழைக்காது. லயத்து ஆளும் பிழைக்கமாட்டான். இதையும் எனக்கு முந்திச் சொன்னவன் அவன்.

இழவுக்கு மலையே இறங்கி வந்தது. முதலாளியும் மாலையோடு வந்தார். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்தப் பொறாமையும் அவனுடைய ஒரு கோரிக்கையும். அதை அங்கேயே கேட்டேன்: “கம்பியை எப்ப அவுக்கிறீங்க?”

அவர் மாலையைப் போட்டுவிட்டுத் தன் ஜீப்பில் ஏறினார். டிரைவரிடம், “வெரசா எடு” என்றார்.

அச்சில் மறுபடியும் கேட்கிறேன். கம்பியை எப்போது அவிழ்ப்பீர்கள்?