தம்பிக்கு வாய்த்த இன்னொரு அக்கா

கடைத்தெருக் கடைசியில் அவளுடைய தையல் கடை. அவள் போட்ட காஜாவில் ஒரு நூல் பிசிறைக்கூட யாரும் காட்டிவிட முடியாது. அதே கறாரோடுதான் தம்பியையும் வளர்த்து ஆளாக்கினாள். அதில் அவளுக்கு ஏகப் பெருமை. வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகும், சட்டைக் கறையானாலும் பெண்டாட்டியின் கோபமானாலும், அவன் முதலில் போன் போடுவது அக்காவுக்குத்தான்.

கொஞ்ச நாளாக அந்தப் போன் குறைந்துபோயிருந்தது. வேலை அதிகம் போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் ரவிக்கை வாங்க வந்த டீச்சரம்மா தன் போனை நீட்டினாள். "இது உங்க தம்பிதானே? நானிருக்கிற தையல் குரூப்ல இருக்காரு."

தம்பியேதான். பழைய மெஷின் ஒன்று வாங்கிப்போட்டு, வீட்டிலேயே பைக் சீட் கவர் தைக்க ஆரம்பித்திருந்தான். அக்காவிடம் மூச்சு விடவில்லை. ரெக்சினில் தையல் விட்டுவிட்டு விழுகிறது என்று ஊர் உலகத்தையே கேட்டிருந்தான். ரோஜாப்பூப் படம் வைத்திருந்த ஒருத்தி, "மெஷினுக்கு எண்ணெய் விடுங்க தம்பி" என்று எழுதியிருந்தாள். "நன்றிக்கா, நீங்கதான் என் தெய்வம்" என்று இவன் உருகியிருந்தான்.

அவள் போனை வெடுக்கென்று திருப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் புருஷனிடம் பொருமினாள். "எவளோ ஒருத்தி, அவ இவனுக்கு அக்காவாம்."

"நெட்ல எல்லாரும் அக்காதான். காய்கறி விக்கிறவங்களையும்தான் அக்கான்னு கூப்பிடுறோம்."

"காய்கறி விக்கிறவங்களை யாரும் தெய்வம்னு சொல்றதில்ல."

மறுநாளே டீச்சரம்மாவைப் பிடித்து, தன் போனில் ஒரு கணக்குத் தொடங்கி, அந்தக் குரூப்பில் சேர்ந்தாள். படம் ஒரு கத்தரிக்கோல், பெயர் 'கத்தரிக்கோல்காரி'. தம்பியின் கேள்விக்குக் கீழே எழுதினாள்: "எண்ணெய் விட்டா சீட்தான் கறையாகும். துணியை அழுத்துற மெஷின் பாதத்துல ரெக்சின் ஒட்டிக்கிது. மேல மெல்லிசா பேப்பர் வெச்சுத் தைச்சுட்டுக் கிழிச்சிடுங்க."

அன்றே பதில் வந்தது. "கச்சிதமா விழுது அக்கா. இனிமே எல்லாம் உங்ககிட்டதான்."

ரோஜாப்பூவை ஓரங்கட்டியாயிற்று என்று அவளுக்குக் குளுகுளுவென்றிருந்தது. ஆனால் தம்பி கத்தரிக்கோலுக்குத் தனியாகவும் எழுத ஆரம்பித்தான். வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கலாமா என்று கேட்டான். இந்த யோசனை பெண்டாட்டிக்குக்கூட இன்னும் தெரியாதாம். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளுக்குத் தெரியாத சேதியெல்லாம் கத்தரிக்கோலுக்குத் தெரிந்தது. இப்போது கத்தரிக்கோலை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க சொந்தத்துல டெய்லர் யாரும் இல்லையா?" என்று கிளறிப் பார்த்தாள்.

"எங்க அக்காவே டெய்லர்தான். அது கை மாதிரி ஒரு கை வராது. ஆனா மொதல்ல நாலு திட்டு விழும், அப்புறம்தான் பதில் வரும். கோணலாத் தைச்சதை அதுகிட்ட காட்டப் பயமா இருக்கு."

முதல் பாதி இனித்தது. மறுபாதி ஊசியாகக் குத்தியது. இனி ஒளிவு மறைவே வேண்டாம் என்று உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்னடா, அக்கான்னு ஒருத்தி இருக்கிறது ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா. கொஞ்சம் இரு, ஒரு அக்காகிட்ட முக்கியமா ஒண்ணு கேட்டுக்கிட்டிருக்கேன். அப்புறமா கூப்பிடுறேன்."

வைத்துவிட்டான். வைத்த கையோடு கத்தரிக்கோலுக்கு ஒரு போட்டோ வந்தது. "மூலை சுருங்கிப்போகுது அக்கா. எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

மகா கோணல். 'என்னடா இது' என்று அடித்தாள், அழித்தாள். பிறகு இப்படி எழுதினாள்: "நல்லா வந்திருக்கு தம்பி. மூலையில தையலுக்கு வெளியே நிக்கிற ரெக்சினை மட்டும் கொஞ்சம் நறுக்கி விடுங்க. வேலையை விடுறதுக்கு முன்னாடி உங்க வீட்ல பேசுங்க."

"யாருக்கு இவ்வளவு பெரிசா எழுதுற?" என்று கேட்டார் புருஷன்.

"அந்தக் கத்தரிக்கோல்காரியோட தம்பிக்கு" என்றாள் கடுகடுப்பாக.