லேமினேஷன் போட்ட சைட்டு

அப்பா சேர்த்துவைத்துவிட்டுப் போன தபால் தலைகளைப் பற்றி யாராவது மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு மூக்கு விடைத்துவிடும். "அருமையான பழக்கமாச்சுங்களே, அறிவை வளர்க்குமே" என்பார்கள். யாருடைய அறிவை? மங்கோலியாவில் எத்தனை விதக் குதிரை உண்டு என்பது அப்பாவுக்கு அத்துப்படி. ஹாலைத் தாண்டி வருவதற்குள் அம்மா எத்தனை முறை சுவரைப் பிடித்துக்கொள்கிறாள் என்பது மட்டும் தெரியாது. நான் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள். காகிதத்துக்கு எங்கிருந்து மதிப்பு வருகிறது, எப்படிப் போகிறது என்று கொஞ்சம் தெரியும். அதனால்தானோ என்னவோ, அந்தக் குவியலைப் பிரித்து விற்றுக்கொடுக்கும் வேலை என் தலையில் வந்து விழுந்தது.

வீடு கோயமுத்தூரில், அப்பா ஆபீஸ் மேனேஜராக இருந்த நூல் மில்லுக்குப் பக்கத்தில். கீழே ஹால், சமையற்கட்டு, ஒரே ஓர் அறை. அந்த அறைக்குப் பெயர் ஸ்டாம்பு ரூம். மில்லுக்கு மெஷின் அனுப்பிய வெளிநாட்டுக் கம்பெனிகளின் உறைகளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவருவார். சாப்பாட்டு மேஜையில் ஒரு பேசினில் ஊறவைத்து ஸ்டாம்பை உரித்தெடுப்பார். போதாததற்குக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவார். போஸ்ட் ஆபீசில் புதிதாக ஏதாவது வெளியானால் முழுத் தாளாக வாங்கி வருவார். அம்மா மிக்ஸி கேட்டாலும், நாங்கள் காலேஜ் ஃபீஸ் என்று போய் நின்றாலும் ஒரே பதில்தான்: "அந்தப் பச்சை ஆல்பம் இருக்குது பாரு, அது ஒரு சைட்டு." சைட்டு என்றால் எங்கள் ஊரில் வீட்டு மனை. அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில் துடியலூர்ப் பக்கம் நிஜமான சைட்டுகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்றார்கள். அப்பாவுக்குக் கீழே டைப் அடித்துக்கொண்டிருந்தவர் ஒன்று வாங்கிப் போட்டார். ரசனை இல்லாதவன், மண்ணை வாங்குகிறான் என்று அப்பா அவருக்காகப் பரிதாபப்பட்டார்.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு முழங்கால் வலி வந்தது. வந்த சூட்டோடு ஸ்டாம்பு ரூமை ஒட்டி ஒரு பாத்ரூம் கட்டி, வெஸ்டர்ன் டாய்லெட் வைத்து, சுவரில் கைப்பிடியும் பொருத்தியாயிற்று. அம்மாவுக்கு அந்த வலி அதற்குப் பல வருடம் முன்பே வந்துவிட்டது. அவள் பொடக்காலிக்கு, அதாவது வீட்டின் பின்கட்டுக்கு, படியிறங்கிப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். ஸ்டாம்பு ரூம் வழியாக ஈரக்காலோடு போய்வந்தால் ஆல்பங்களுக்கு ஆகாது என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவும் அதை ஒரு நியாயமாக எடுத்துக்கொண்டாள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா போனார். தம்பி பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்கிறான். ரேட் கேட்காமல் தும்மக்கூட மாட்டான். காரியம் முடிந்த மறுநாளே ஸ்டாம்பு ரூமைப் பூட்டிச் சாவியைத் தன் காரில் போட்டுக்கொண்டான். பச்சை ஆல்பத்தை மட்டும் ஒரு வேட்டியில் சுற்றித் தன்னோடு எடுத்துப் போனான்.

"ரேட்டு என்னன்னு தெரியற வரைக்கும் ஒரு துரும்பு அசையக் கூடாதுங்க்கா. நாளைக்குப் பின்ன நீங்களும் கேக்கக் கூடாது, நானும் கேக்கக் கூடாது பாருங்க," என்றான்.

"அம்மாவுக்கு அந்த பாத்ரூம் வேணுமேப்பா."

"அதுக்குத்தானுங்க்கா சொல்றேன். சட்டுன்னு வித்துப்போட்டா ரூமே அம்மாவுக்குத்தானுங்களே."

எத்தனை 'ங்க' பாருங்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதென்றாலும் 'ங்க' சேர்த்துத்தான் தள்ளுவார்கள். தள்ளப்பட்டவரும் 'சரீங்க' என்று எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வார். நானும் சரி என்றேன்.

அம்மா வாக்கரை ஊன்றிக்கொண்டு, வேலைக்கு வரும் பெண்ணின் தோளைப் பிடித்தபடி பின்கட்டுக்குப் போய்வந்தாள். அந்தப் பெண் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவாள். அதனால் அம்மா பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். இரவுக்கு ஆள் வைக்கிறேன் என்றாலும், துடியலூரில் என் வீட்டுக்கு வந்துவிடு என்றாலும், "என்ற ஊட்ட உட்டுப்போட்டு எங்கயும் வாரதில்ல" என்று ஒரே பிடிவாதம். விற்பதில் எனக்கு வரும் பங்கு பற்றி எனக்கு அக்கறை இல்லை. அந்த அறை காலியாக வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தம்பி வந்து பூட்டைத் திறப்பான். அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து போனில் தேங்காய் விலை பார்ப்பான். நான் தரையில் பரப்பிப் பிரிப்பேன். என்னவெல்லாம் வந்தது என்கிறீர்கள்! பாலைவனத்து ஷேக்குகள் தங்கள் ஊரில் இல்லாத பூனை, ரோஜா, பனிச்சறுக்கு எல்லாவற்றையும் படம் போட்டு வெளியிட்ட பளபளப்பான தபால் தலைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. அவற்றில் ஒன்றுகூட எந்தக் கடிதத்திலும் ஒட்டப்பட்டதில்லை. அச்சகத்திலேயே முத்திரை குத்தி, அப்பா மாதிரி ஆட்களுக்கென்றே பாக்கெட்டில் போட்டு அனுப்பியவை. நல்ல ஆல்பங்களை எடுத்தால் இன்னும் மோசம். ஸ்டாம்பை ஆல்பத்தில் நிறுத்த மெல்லிய தாள் துண்டு ஒன்று உண்டாம். அப்பா மில்லில் நூல் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் மைதாப் பசையை டப்பாவில் கொண்டுவந்து ஸ்டாம்பின் முதுகு முழுக்கத் தடவி அப்பியிருந்தார். மைதா என்றால் பூச்சிக்குக் கேட்கவா வேண்டும்? சில ராஜாக்களுக்குத் தலை இல்லை, சிலருக்குக் கிரீடம் மட்டும் மிச்சமிருந்தது.

முதல் ஞாயிறு அன்று கதவு திறந்திருப்பதைப் பார்த்து அம்மா வாக்கரோடு வாசலில் வந்து நின்றாள். சுவரிலிருந்து சுவர் வரை தரையெல்லாம் ஸ்டாம்பு. அந்தப் பக்கம் பாத்ரூம் கதவு.

"அம்மா, பாத்துங்க, மிதிச்சுப்போடாதீங்க," என்றான் தம்பி, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அம்மா வாக்கரைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனாள். நான் அவசர அவசரமாக ஒரு பாதை ஒதுக்குவதற்குள் அவள் படியிறங்கியாயிற்று. அடுத்த வாரங்களில் அவள் அந்த வாசலுக்கே வரவில்லை.

விலை பார்க்க முதலில் வந்தவர் ஸ்டாம்பு சேகரிப்பவர்கள் மத்தியில் பெரிய ஆள் என்று சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். சின்ன இடுக்கி, பூதக்கண்ணாடி, வெள்ளைத் துணி எல்லாம் எடுத்து அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர் மாதிரி விரித்துவைத்தார். ஆல்பங்களைப் புரட்டப் புரட்ட முகம் சுண்டிக்கொண்டே போயிற்று.

"கவர் எல்லாம் எங்கீங்க? உரிச்சதுக்குப் பொறகு?"

"வெந்நி அடுப்புலீங்க," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டாம்பைவிட, முத்திரையோடு முழுசாக இருக்கும் பழைய உறைக்குத்தான் மதிப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அத்தனை வருடம் அந்த மதிப்பில் நாங்கள் குளித்திருக்கிறோம்.

"அது கெடக்குதுங்க. முக்கியமான சரக்கு இனித்தான் இருக்குது," என்று தம்பி காருக்குப் போய் வேட்டி மூட்டையோடு வந்தான். அவிழ்த்து மேஜையில் வைத்தான். பச்சை ஆல்பத்தின் பக்கங்கள். ஒவ்வொன்றையும் அட்டையிலிருந்து பிரித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, லேமினேஷன் போட்டு வைத்திருந்தான்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் சொந்தபந்தங்களில் மதிப்பான காகிதம் என்றால் அது ஜெராக்ஸ் கடைக்குப் போயே தீரும். சாதிச் சான்றிதழ், ஜாதகம், பத்தாவது மார்க் ஷீட், தாத்தா போட்டோ, எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும். அப்பா 'சைட்டு' என்று சொன்ன ஒன்றே ஒன்று, அதை மட்டும் சும்மா விடுவானா?

வந்தவர் ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அது டியூப் லைட்டைப் பிடித்துத் திருப்பி அடித்தது.

"எத்தன மைக்ரானுங்க?" என்று கேட்டார், ரொம்பப் பணிவாக.

"கெட்டிதானுங்க. தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னானுங்க," என்றான் தம்பி, பூரிப்போடு.

"ஆகாதுங்க, ஆகாதுங்க. இனி இதுக்கு ஆகறதுக்கு ஒண்ணும் இல்லீங்க." அவர் இடுக்கியைத் துடைத்து உறையில் போட்டார். "நாலஞ்சு நல்லது இருந்திருக்குதுங்க. மைதாவுக்குத் தப்பிச்சது. இப்ப இது போட்டோ மாதிரிங்க. பாத்துக்கலாம். ஆரும் வாங்க மாட்டாங்க."

பிரித்தெடுக்க முடியாதா என்று தம்பி கேட்டான். சூட்டில் ஒட்டியது, பிரித்தால் பிளாஸ்டிக்கோடு ராஜாவும் வந்துவிடுவார் என்றார் அவர். அப்பா பின்பக்கத்தைக் கெடுத்தார், மகன் முன்பக்கத்தைக் கெடுத்தான். இரண்டு தலைமுறை சேர்ந்து செய்து முடித்த ஒரே வேலை அதுதான். அந்த மனிதர் காபி குடித்து, காபியை மட்டும் மனசாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் கிலோக் கணக்கில் எடுப்பவர். தொங்குதராசோடு வந்தார். உதிரி ஸ்டாம்புகளைச் சாக்கில் அள்ளிப் போட்டார். அப்போதுதான் தம்பிக்கு உயிர் வந்தது. கிலோ என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் தன் ஊருக்கே போய்விட்டான். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, விரலால் தேய்த்து, "நல்லாக் காஞ்ச சரக்குங்க. ஈரத்துக்குன்னு ஒண்ணும் கழிக்க வேண்டாமுங்க," என்றான். எலிசபெத் ராணியைக் கொப்பரை மாதிரித் தேய்த்துப் பார்த்தவன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். போஸ்ட் ஆபீசில் வாங்கிய முழுத் தாள்களுக்கு, அப்பா அன்றைக்குக் கொடுத்ததைவிடக் குறைத்துத்தான் அந்த ஆள் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. எடுத்துக்கொண்டு போங்க என்றேன்.

மிச்சத்தைப் பழைய பேப்பர்க்காரர் எடுத்தார். ஆல்பம், அட்டைப் பெட்டி, பீரோ நிறைய இருந்த ஸ்டாம்பு விலைப் பட்டியல் புத்தகங்கள் எல்லாம் வண்டியில் ஏறின. லேமினேஷன் பக்கங்களை மட்டும் தனியே எடுத்து வாசல் திண்டின்மேல் வைத்தார். "பிளாஸ்டிக் ஒட்டுனத எடுக்க மாட்டமுங்க," என்றார். தம்பி அவற்றை மறுபடி வேட்டியில் கட்டினான். பேரன் விளையாடட்டும் என்று முணுமுணுத்தான். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

நான் அறையைக் கூட்டித் துடைத்தேன். மைதா வாடை போக ஜன்னலைத் திறந்துவிட்டேன். அம்மாவின் கட்டிலை ஹாலிலிருந்து உள்ளே கொண்டுவந்து போட ஆள் பிடித்தேன். செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்ட பெருமை எனக்கு. தம்பி மாதிரி ஆட்களையும் அப்பா மாதிரி ஆட்களையும் வைத்துக்கொண்டு இவ்வளவு முடித்ததே பெரிது என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அவள் வாக்கரை எட்டு எட்டாக நகர்த்தி அறையைக் கடந்து, பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வரவில்லை. விழுந்துவிட்டாளோ என்று நான் கதவைத் தட்டப் போனபோது வெளியே வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் நீவிவிட்டுக்கொண்டாள். அவள் பார்வை அறையைச் சுற்றிவந்து, கதவில் தொங்கிய பூட்டின்மேல் நின்றது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத பூட்டு.

"ரேட்டுக் கேக்க ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கூட்டியாந்தீங்க," என்றாள். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். "பூட்ட ஒடைக்க ஒரு ஆளு கெடைக்கலியா கண்ணு?"

நான் தம்பியைத் தேடித் திரும்பினேன். அவன் அப்போது பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவைத் தாண்டியிருப்பான். அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.