எடை குறைந்த மிஷின்

வண்டியில் கை வைப்பதற்கு முன் சந்திரம்மா கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றி, அவை இறங்கிவிடாதபடி பழைய வேட்டிக் கிழிசலால் சுற்றிக் கட்டிக்கொள்கிறாள். தாலிச் சரடை ரவிக்கைக்குள் திணிக்கிறாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுகிறாள். பெயின்டில் உரசக்கூடியது எதுவும் உடம்பில் தொங்கவில்லை என்று ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்ட பிறகு ஒரு பெருமூச்சு வருகிறது. மற்றவர்கள் வேலையைத் தொடங்குமுன் சாமி கும்பிடுவார்களே, அவளுக்கு அந்தப் பெருமூச்சுதான் அது.

திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்புறம் சிட்டிபாபு என்பவரின் டாக்ஸி ஷெட் இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியாரான நான் குடியிருக்கும் மாடி அறை அதற்கு நேர் எதிரே. மலைக்குப் போய்வரும் யாத்திரிகர்களின் வண்டிகள் அங்கே வந்து நிற்கும்போது அவற்றைப் பார்க்கச் சகிக்காது. மலைப்பாதையின் செம்புழுதி, உருகிய தார், ஜன்னல் வழியே குழந்தைகள் எடுத்த வாந்தி, புறப்படும்போது பானெட்டில் அப்பிய சந்தனமும் குங்குமமும். குங்குமம்தான் கெட்டது, வெயிலில் காய்ந்தால் பெயின்டுக்குள் இறங்கிவிடும். இத்தனை வருஷம் மலையடியில் இருந்தும் சந்திரம்மா ஒருமுறைகூட மேலே போனதில்லை. கேட்டால், "மலைதான் தெனமும் வண்டி மேல ஒட்டிக்கினு வருதே சாரு" என்பாள். சிரிக்கமாட்டாள்.

வண்டி பாலிஷ் போடுவது அவள் வேலையல்ல, அவள் கணவன் திருமலையின் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் திரும்பி வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து ஈரத்துணி போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே சந்திரம்மா துணியும் பேஸ்ட்டுமாக ஷெட்டில் நின்றாள். திருமலை கவிழ்த்துப் போட்ட ஆயில் டிரம்மில் உட்கார்ந்து, "அங்க விட்டுட்ட பாரு", "வட்டமா தேய்க்காதே, நீட்டுல தேய்" என்று சொல்லிக்கொண்டிருப்பான். சிட்டிபாபுவும் டிரைவர்களும் வேலையைத் திருமலையிடம்தான் சொல்வார்கள். அவள் பக்கத்திலேயே நின்றாலும் அவனிடம்தான்.

வருஷம் திரும்புவதற்குள் அவள் தோள் போய்விட்டது. மத்தியானம் கஞ்சியை இடது கையால் குடிப்பதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் கேட்டேன். "சோறு துன்ன கை வாய்க்கு வரமாட்டேங்குது சாரு. இன்னா பண்றது, ஒடம்பு இரும்பா?" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்தினாள். சென்னையில் கரண்டில் ஓடும் பாலிஷ் மிஷின் இருக்கிறதாம், தேய்க்க வேண்டியதில்லையாம், பிடித்துக்கொண்டிருந்தால் போதுமாம். ஏதோ மதராஸ் வண்டி டிரைவர் சொல்லிவிட்டுப் போனதை அவள் பல மாதமாக மனசில் வைத்துக்கொண்டிருந்தாள். நாராயணவனத்துத் தாய்வீட்டில் அவளுக்கென்று விட்டிருந்த எருமையை மார்கழியில் விற்றாள். ஷெட்டில் கரண்டு எடுத்துக்கொள்ளச் சிட்டிபாபு சம்மதித்தார். வண்டிக்கு ஏதாவது ஆனால் திருமலைதான் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

டப்பாக்களின் மேல் இங்கிலீஷில் எழுதியிருக்கும், படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னையும் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு சனிக்கிழமை போனோம். ரயில் பெட்டி முழுக்க எல்லைப் பேச்சாக இருந்தது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது, புத்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே நிற்கின்றன என்று முடிவாகியிருந்த சமயம். ஒருவர் சந்தோஷப்பட்டார், ஒருவர் திட்டினார், இரண்டு பேரும் தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசினார்கள். திருமலை புத்தூர்க்காரன் என்பதால் அவனுடைய அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். அவன் சொல்வதற்குள் சந்திரம்மா கண்ணை மூடியபடியே, "எந்தப் பக்கம் போனா இன்னா, வண்டி அழுக்காவாமயா இருக்கப்போவுது" என்றாள். பிறகு சென்னை வரும்வரை தூங்கினாள்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மோட்டார் சாமான் விற்கும் ஒரு கடையில் இரண்டு மிஷின்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று பெரியது, அலுமினிய உடம்பு, இரண்டு கைப்பிடி. ஓடவிட்டபோது மேஜை அதிர்ந்தது. மற்றது சின்னது. துளை போடும் மிஷின் மாதிரி இருந்தது, மெதுவாகச் சுற்றியது. கடைக்காரர் திருமலையைப் பார்த்தே பேசினார். தொழிலுக்கு என்றால் பெரியதுதான், சின்னது பொழுதுபோக்குக்கு என்றார். திருமலை இடது கையால் பெரிய மிஷினின் முதுகைத் தடவிக்கொண்டே தலையாட்டினான்.

சந்திரம்மா எழுந்து வந்து பெரியதைத் தூக்கினாள். காரின் பக்கவாட்டில் பிடிப்பதுபோல உடம்பைவிட்டு முன்னால் நீட்டிப் பிடித்தாள். எடை தாங்காமல் கை கீழே இறங்கியது. கீழே வைத்துவிட்டுச் சின்னதை எடுத்து அதேபோல நீட்டினாள். கடைக்காரர் தன் காப்பியைக் குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள். கடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது போதும்" என்றாள்.

திருமலையின் முகம் மாறிவிட்டது. "கை சரியாய்ட்டா எனக்கு அது பத்தாது" என்றான்.

மிஷினை மேஜைமேல் வைத்து, அதன் ஒயரை ஒழுங்காகச் சுற்றினாள். "சரியாவட்டும் மாமா. அப்ப பெருசு வாங்கலாம். இப்ப புடிக்கப்போறது நான்."

அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குப் பக்கத்தில் நின்றதால் தெரியும். கை வராது என்று ஆஸ்பத்திரியில் யாரும் அவனிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் கடையில்தான் அது அவன் காதில் விழுந்தது.

மற்ற சாமான்களில் சண்டை வரவில்லை. கடைக்காரர் முரட்டு பேஸ்ட் டப்பாவைத் தள்ளினார், அதுதான் அழுக்கைச் சீக்கிரம் வெட்டும் என்று. சந்திரம்மா துளி எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினாள், தன் கட்டைவிரல் நகத்தின் மேல் தேய்த்தாள். நகத்தில் கோடு விழுந்தது. நைசான பேஸ்ட்டையும் அப்படியே பார்த்தாள். "அது நொய்யாட்டம் இருக்குது, இது மாவாட்டம் இருக்குது. பழகற கைக்கு மாவே போதும்" என்றாள். மிஷினின் ரப்பர் தட்டுக்கு மாட்டும் கம்பளித் தொப்பி ஒன்று போதும் என்று அவள் நினைத்தாள். திருமலை அதுவரை பேசாமல் இருந்தவன், சுவரைப் பார்த்துக்கொண்டே, பேஸ்ட் பட்ட தொப்பியில் மெழுகு போட்டால் கோடு விழும், தனித்தனியாக இரண்டு வேண்டும் என்றான். இரண்டு வாங்கினார்கள். ஒரு டப்பா மெழுகு, கொஞ்சம் ஃப்ளானல் துணி. டப்பாவில் இருந்ததை நான் படித்துச் சொன்னேன்: வெயிலில் போடாதே, ஒரே இடத்தில் நிறுத்தாதே, முதலில் வேண்டாத தகட்டில் பழகு. திரும்பி வரும்போது திருமலை ரயில் வாசற்படியருகே நின்றுகொண்டே வந்தான். உட்கார இடம் இருந்தது.

ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த ஒடுங்கிய மட்கார்டில் அவள் பழகினாள். முதலில் மிஷின் அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு அடங்கியது. தை பிறந்ததும் சிட்டிபாபு ஒரு கறுப்பு லேண்ட்மாஸ்டர் காரைக் கொடுத்தார். கதவுகள், டிக்கி எல்லாம் நன்றாகவே வந்தன. பானெட்டின் முன்விளிம்பில் இருக்கும்போது கண்ணில் வேர்வை இறங்கியது. அதைத் தோளால் துடைக்க முகத்தைத் திருப்பினாள். அந்த நேரம் மிஷின் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தபோது கறுப்பு போய், அடியில் பூசியிருந்த செம்மண் நிற ப்ரைமர் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது.

அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நான் இறங்கிப் போனேன். சிட்டிபாபுவும் வந்துவிட்டார். அறுபதை நெருங்கும் மனிதர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். "ஏமிரா இது?" என்று திருமலையிடம் மெதுவாகக் கேட்டார்.

திருமலை டிரம்மிலிருந்து எழுந்தான். "நான்தான் பண்ணிட்டேன் மொதலாளி."

சிட்டிபாபு அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு தொங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். "ரெண்டு கையாலயா புடிச்ச?"

"ஒரு கையாலதான். அதான் இப்டி ஆச்சு."

டிரைவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிட்டிபாபு அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரே, போனீ" என்றார். சரி, போகட்டும் என்று அர்த்தம். ஆனால் இனி இந்த ஷெட்டில் மிஷின் ஓடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வண்டி சித்தூருக்குப் போய் பானெட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டு வந்தது.

எதற்குப் பொய் சொன்னாய் என்று அவள் கேட்டாள். அவன், வேலை என் பேரில்தானே இருக்கிறது, கெட்டதும் என் பேரிலேயே இருக்கட்டும் என்றான். கடையில் நடந்ததற்குப் பிறகு அவன் அவளிடம் முழுசாகப் பேசியது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து மறுபடியும் துணி, மறுபடியும் இடது கையில் கஞ்சி. மிஷினை ஒரு கோணிச் சாக்கில் சுற்றி வீட்டில் வைத்துவிட்டாள். ஆனால் ஓய்ந்த நேரத்தில் அந்த மட்கார்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதன் விளிம்புகளை விரலால் தடவிக்கொண்டிருப்பாள். விளிம்பில் பெயின்ட் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது என்று என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினாள்.

பங்குனியில் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அந்தப் பக்கம் வண்டி விட இனி என்னென்ன பர்மிட் கேட்பார்களோ என்று சிட்டிபாபு தன் பழைய பிளிமத் காரைத் திருத்தணிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட முடிவு செய்தார். வண்டி ஓடும். நிறம்தான் செத்துப்போய் அடுப்புச் சாம்பல் மாதிரி இருந்தது. துணியால் தேய்த்து அதை எழுப்ப முடியாது. ஒரு காலை அவர் ஷெட்டுக்குள் வந்து, திருமலை உட்கார்ந்திருந்த டிரம்மைத் தாண்டிப் போய், அவள் முன்னால் நின்றார்.

"சந்திரம்மா, மிஷினு எடுத்துக்கினு வர்றியா?"

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். "வர்றேன். ஓரமெல்லாம் கையாலதான் தேய்ப்பேன். நேரமாவும், அவசரப்படுத்தக்கூடாது."

அவர் தலையாட்டினார்.

திருமலைக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருந்த கம்பவுண்டரிடம் பிளாஸ்திரி கேட்டு வாங்கிவந்து, பிளிமத்தின் விளிம்புகளிலெல்லாம் மிஷின் பட்டுவிடாதபடி, காயத்துக்குக் கட்டுப்போடுவதுபோல ஒட்டினாள். மிஷினைத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் வேர்வையைத் துடைத்தாள். மெழுகுக்குத் தொப்பியை மாற்றினாள். கடைசியில் பிளாஸ்திரியை உரித்து ஓரங்களைக் கையால் முடித்தாள். வாங்க வந்தவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது ஷெட்டு வண்டிகள் எல்லாம் மிஷின் வேலைக்கு வருகின்றன. வெளி வண்டிகளும் வருகின்றன. வலி போய்விட்டதா என்று கேட்டேன். "எங்க போவுது? எடம் மாறியிருக்குது" என்று தோளிலிருந்து மணிக்கட்டுக்கு விரலை இறக்கிக் காட்டினாள். வலது கையால் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். திருமலை டிரம்மில் உட்கார்ந்து சொல்வதையும் விடவில்லை, அவள் பதில் சொல்லாமலிருப்பதையும் விடவில்லை.

இன்று காலை ஒரு பெரிய கறுப்பு வண்டி நின்றது. அவள் பானெட்டின் நடுவுக்கு எட்டி மிஷினைப் பிடித்திருந்தாள். ஒயர் பின்னாலிருந்து வந்து, முடித்துவிட்ட இடத்தின் மேல் உரசியது. நிறுத்தி, ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி விழுந்தது. மறுபடி நிறுத்தினாள். எரிச்சல்கூட இல்லாமல், பழகிப்போன களைப்போடு ஒயரை ஒதுக்கினாள்.

திருமலை எழுந்தான். இடது கையால் ஒயரை எடுத்துத் தன் வலது தோளில் போட்டுக்கொண்டான். உணர்வில்லாத அந்தக் கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக ஒயர்மேல் மடித்து வைத்து, அவை விரியாதபடி இடது கையால் பொத்திக்கொண்டான். பிறகு அவளுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பானெட்டின் அந்தக் கோடிக்கு அவள் நகர்ந்தபோது, அவனும் ஓரடி நகர்ந்து நின்றான்.